ஐப்பசியில் ஊன்றிய கன்னிக்கால்

ஸ்காபரோ
12-6-86

அன்புத் தங்கச்சி புனிதவதிக்கு அக்கா கமலாம்பிகை எழுதிக்கொள்வது. இங்கை நான், மகன் ஸ்ரீதரன், மருமகள் அன்ரனெற், பேத்தி வதனி எல்லாரும் சுகம். நீயும் என்ரை மகள் இராசேசும் சுகமெண்டு ஒரு வரி கண்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

முதல் நல்ல சேதி. எங்கடை இராசேசின்ரை மகள் வதனிக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. மாப்பிள்ளை இரத்தினவேல், புலோலிப் பெடியன். மிசிசாகாவிலை விமானங்களுக்குச் சாமான் ஏத்துற வேலை, தாய் தகப்பன் பிக்கரிங்கிலை. நாள் அடுத்த வைகாசி, 17-5-87 ஞாயிற்றுக்கிழமை. தகப்பன் இல்லாத பிள்ளை, பதினெட்டு வயசிலை தாயை விட்டிட்டு என்னட்டை ஓடிவந்த பிள்ளை, ஒரு குறையும் விடமாட்டன் எண்டு இராசேசுக்குச் சொல்லு. அவளை இஞ்சை எடுக்க ஸ்ரீதரன் கடுதாசி போட்டிருக்கிறான். கலியாணத்துக்கு முந்தி விசா கிடைக்காதாம்.

என்ரை சோலி, கலியாணத்துக்கு முந்தி முற்றத்திலை ஊன்றுற கன்னிக்கால். இந்தக் குளிர் நாட்டிலை முள்முருக்குத் தடிக்கு எங்கை போறது? ஐயர் சொல்லுறார், "ஏதாவதொரு பச்சைக் கொப்பு போதும் அம்மா" எண்டு. போன மாதம் யூனியன்வில்லிலை ஒரு கலியாணம். விளக்குமாத்துத் தடியைப் பூச்சாடிக்குள்ளை குத்தி, பச்சைக் கடுதாசி சுத்தி வைச்சிருந்தினம். விடியத் திருப்பி வீடு கூட்டியிருப்பினம். எங்கடை வீட்டிலை அது நடவாது. குத்தின தடி துளிர்த்தால்தான் குடும்பம் தழைக்கும். புது வீட்டுப் பின்வளவு வெறும் மண்ணாய்க் கிடக்குது. எந்த மரம் நல்லதெண்டு இராசேசோடை கதைச்சு எழுது. ரண்டு பேரும் உடம்பைக் கவனியுங்கோ.

அக்கா

*

அல்வாய்
20-7-86

என் பெரியக்காவுக்குப் புனிதம் எழுதுவது. நானும் இராசேசும் சுகமாய் இருக்கிறம். உங்கடை முழங்கால் நோ எப்பிடி? குளிருக்குள்ளை வெறுங்காலோடை நிக்காதேங்கோ.

கடிதத்தை இராசேஸ்தான் வாசிச்சாள். கலியாணம் எண்ட இடத்திலை நிப்பாட்டிப்போட்டுக் கிணத்தடிக்குப் போனவள், முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மிச்சத்தை வாசிச்சாள். விளக்குமாத்துக் கதைக்கு ரண்டு பேரும் வயிறு நோகச் சிரிச்சம். அவள் பக்கத்திலை நிண்டு சொல்லுறதை அப்பிடியே எழுதிறன்: "அம்மா, மரத்தைப் பேர் பார்த்து வாங்காதேங்கோ. நிகத்தாலை பட்டையைச் சுரண்டிப் பாருங்கோ. உள்ளுக்குப் பச்சை இருந்து, தடியைக் குத்த வேர் விடுமெண்டால் அதுதான் உங்கடை ஊர் முள்முருக்கு."

தாய் இல்லாமல் மகளுக்குக் கலியாணம் நடக்கப்போகுதெண்டு அவளுக்கு உள்ளுக்குக் கவலை. வெளியிலை காட்டமாட்டாள், உங்களைப் போலத்தான். வதனிக்கு எங்கடை அன்பு. மருமகளையும் கேட்டதாய்ச் சொல்லுங்கோ.

தங்கை புனிதம்

*

ஸ்காபரோ
14-9-86

அன்புத் தங்கச்சிக்கு, உங்கள் ரண்டு பேரின்ரை சுகமும் அறிஞ்சு மனம் குளிர்ந்துது. என்ரை முழங்கால் இருந்தபடிதான். ஆனால் நேற்று அதோடையே ஒரு காணி முழுக்க நடந்தன்.

பிக்கரிங் தாண்டி, மரக்கன்று விக்கிற ஒரு இடத்துக்கு அன்ரனெற் காரிலை கூட்டிக்கொண்டு போனவள். அவள் மாதாவைக் கும்பிடுற வேதக்காரி எண்டாலும் இந்த விசயத்திலை என்னிலும் பார்க்க அவசரப்படுறாள். கடைக்காரன் ஒரு ஒல்லாந்துக் கிழவன், என்ரை வயசிருக்கும். நான் தமிழிலை கேட்க, அவள் இங்கிலீசிலை சொல்ல, அவன் என்ரை முகத்தைப் பார்த்தே மறுமொழி சொன்னான்.

அவன் காட்டினதெல்லாம் டொக்வுட் எண்ட ஒரே சாதி. வதனி சொல்லுறாள், "நாய்மரம், அம்மம்மா". "குரைக்குமோ?" எண்டு கேட்டன். ஒண்டு பெரிய மரமாய் வரும். வைகாசியிலை இலைக்கு முந்தியே நாலிதழ்ப் பூ, வெள்ளையும் இருக்கு, றோசும் இருக்கு. கடுங்குளிர் வந்தால் அந்த வருசம் மொட்டுக் கருகிப்போகுமாம். இன்னொண்டு ஆனி மாதம் பூக்கிறது. அதின்ரை பழம் சிவப்பாய், சொரசொரப்பாய் இருக்கு. தின்னலாமெண்டு கிழவன் ஒண்டை வாயிலை போட்டுக் காட்டினான். நானும் திண்டன். மாம்பழம் மாதிரி, உருசி மட்டு. மூண்டாவது தட்டுத் தட்டாய்க் கொப்பு விடுறது, தேர்முடி மாதிரி. நாலாவது சித்திரையிலை மஞ்சள் பூவாய்க் கொட்டுமாம்.

எல்லாத்துக்கும் ஒரே கேள்விதான் கேட்டன்: "தடியை வெட்டிக் குத்தினால் வேர் விடுமோ?" இல்லையெண்டு தலையை ஆட்டி ஆட்டி வந்தவன், கடைசியிலை வேலிப் பக்கம் நிண்ட ஒரு பத்தையைக் காட்டினான். சும்மா காட்டுப் பத்தை, வெள்ளைக் காய் சின்னன் சின்னனாய். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" எண்டு அன்ரனெற்றைப் பேசினன். அவன் உள்ளை போய் ஒரு படம் கொண்டுவந்தான். புனிதம், இலை கொட்டினாப் பிறகு அந்தத் தடியெல்லாம் இரத்தச் சிவப்பு. பனிக்குள்ளை குங்குமம் பூசின மாதிரி நிக்குது. நிகத்தாலை சுரண்டினன். உள்ளுக்குப் பச்சை.

பின்வேலிக்கு மூண்டு பத்தை வாங்கி நட்டாச்சு. முன்வாசலுக்குப் பூமரம் ஒண்டு வேணும், அதைச் சித்திரையிலை பார்ப்பம். ஒரு விசயம் கிழவன் அழுத்திச் சொன்னவன். வசந்தத்திலை இலையோடை வெட்டிக் குத்தினால் தடி வாடிப்போகும். இலை கொட்டினாப் பிறகு, நிலம் இறுகமுன்னம் குத்த வேணும். யோசிச்சுக்கொண்டிருக்கிறன். மகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு.

அக்கா

*

ஸ்காபரோ
2-11-86

அன்புத் தங்கச்சிக்கு, உன்ரை மறுமொழி வரமுந்தியே மற்றக் கடிதம் போடுறன். இஞ்சை எல்லாரும் சுகம், எனக்கு மட்டும் கொஞ்சம் தடிமன். உங்கடை சுகத்துக்கு எழுது.

கன்னிக்கால் ஊன்றியாச்சு. போன ஞாயிறு, 26ஆந் தேதி, பஞ்சாங்கத்திலை நல்ல நாள். இலை எல்லாம் கொட்டிப் பின்வேலிப் பத்தைத் தடி சிவந்திருந்துது. ஐயர் முகத்தைச் சுழிச்சார். "கலியாணத்துக்கு ஏழு மாதம் கிடக்கு அம்மா, நாலு நாளைக்கு முந்தித்தானே ஊன்றுறது" எண்டார். "ஐயா, உங்கடை மந்திரத்துக்கு அவசரமில்லை, மரத்துக்கு அவசரம்" எண்டன். பிறகு அவர் மந்திரத்தைத் தொடங்கினார். வைகாசியிலை மாப்பிள்ளை வீட்டார் வரேக்கை எங்கடை கால் இலையோடை நிக்க வேணும்.

நான் தாலி இழந்தவள், தள்ளி நிண்டு சொல்லிக் குடுத்தன். ஸ்ரீதரன் கிடங்கு வெட்டி நவதானியம் போட்டான். அன்ரனெற் மஞ்சள் துணியிலை காசு முடிஞ்சு கட்டித் தண்ணி ஊத்தினாள். வேதக்காரி எண்டாலும் சுமங்கலிதானே. கட்டேக்கை கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தவள். மாதாவோ பிள்ளையாரோ, ஆரெண்டாலும் கேட்டால் சரி.

வதனி ஒவ்வொரு நாளும் யன்னலாலை எட்டிப் பார்க்கிறாள். இராசேசுக்குச் சொல்லு, அவளின்ரை மகளுக்குக் கால் ஊன்றியாச்செண்டு.

அக்கா

*

அல்வாய்
10-12-86

பெரியக்காவுக்கு வணக்கம். இஞ்சை நானும் இராசேசும் சுகம். உங்கடை தடிமன் மாறிவிட்டுதோ? மல்லியும் வேர்க்கொம்பும் அவிச்சுக் குடியுங்கோ.

ரண்டு கடிதமும் ஒண்டாய் வந்துது. அக்கா, நீங்கள் எங்களைக் கட்டிப்போட்டியள்! கால் ஊன்றினாப் பிறகு கலியாண வீட்டார் ஒரு செத்தவீட்டு வாசல் மிதிக்கக்கூடாது, சாவுத் துடக்குச் சேதி வீட்டுக்குள்ளை எடுக்கக்கூடாது. மூண்டு நாலு நாளைக்கெண்டால் சரி. ஏழு மாதம்! இந்த ஊரிலை இப்ப கிழமைக்கு ரண்டு செத்தவீடு. நேற்று பின்வளவு மரியரட்ணத்தின்ரை தமையன் போனவர். நாங்கள் ரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தம். பறையடிக்கிற சத்தம் கேட்கக் கேட்க, "சின்னம்மா, அம்மா செய்த வேலையாலை ஊர் எங்களோடை கோபிக்கப்போகுது" எண்டு இராசேஸ் சிரிச்சாள். பிறகு, "பரவாயில்லை. என்ரை பிள்ளைக்காக ஊர் கோபிக்கட்டும். நான் ஒண்டையும் முறிக்கமாட்டன்" எண்டாள்.

அவள் இப்ப கலண்டரிலை நாள் வெட்டுறாள். சாமான் விலையெல்லாம் ஏறிக்கொண்டு போகுது. அதைப்பற்றி எழுதி உங்களைக் கவலைப்படுத்தேல்லை.

தங்கை புனிதம்

*

ஸ்காபரோ
18-1-87

அன்புத் தங்கச்சிக்கு, பொங்கல் நல்லாய்ப் பொங்கினது. அடுப்பு மின்சாரம் எண்டாலும் பால் கிழக்குப் பக்கம்தான் வழிஞ்சுது. எல்லாரும் சுகம். நீங்கள் என்ன பொங்கினியள்?

செத்தவீட்டுக்குப் போகாததுக்கு ஊர் கோபிச்சால், கமலாம்பிகையிலை கோபியுங்கோ எண்டு சொல்லு. நான் இஞ்சை இருந்து தாங்குவன்.

முழங்கால் அளவுக்குப் பனி. அந்த வெள்ளைக்குள்ளை எங்கடை சிவப்புத் தடி மட்டும் நிமிர்ந்து நிக்குது. பால்காரன் கூடக் கேட்டிட்டான், ஏன் உதுக்குச் சட்டை போட்டிருக்கிறியள் எண்டு. மஞ்சள் துணியைச் சொல்லுறான்.

இனி முன்வாசல் மரம். நாலிதழ்ப் பூ மரம்தான் எண்டு முடிவு. அது இராசேசின்ரை பேரிலை நிக்கட்டும். அவள் வந்து இறங்கேக்கை வாசலிலை பூத்திருக்க வேணும். வெள்ளையோ றோசோ எண்டு அவளைக் கேட்டு எழுது. அவளையே ஒரு கடிதம் எழுதச் சொல்லு. கலியாணத்தண்டு வதனியின்ரை கையிலை குடுக்க வேணும். உன்ரை எழுத்து கோழி கிளறின மாதிரி. அவள் எழுத்து முத்து.

அக்கா

*

அல்வாய்
27-2-87

பெரியக்காவுக்கு, நான் இருக்கிறன். உங்கடை எல்லாரின்ரை சுகத்துக்கும் கடவுளைக் கும்பிடுறன்.

கடிதம் கிடைச்சது. இஞ்சை பெற்றோலும் மண்ணெண்ணெயும் வராது. விளக்கை வெள்ளெனவே நூத்துப்போட்டுப் படுக்கிறது.

இராசேசுக்குக் கை ஏலாது, எழுத முடியாது. அதுதான் நானே எழுதிறன். இனியும் நான்தான் எழுதுவன். கோழி கிளறினது எண்டாலும் வாசியுங்கோ.

முன்வாசலுக்கு வெள்ளையே நடுங்கோ அக்கா.

கலியாணத்தை ஒரு நாள்கூடப் பின்போடாதேங்கோ. ஆர் என்ன சொன்னாலும் 17ஆந் தேதியே தாலி ஏறட்டும். வதனியை ஆசீர்வதிச்சுச் சொன்ன சொல்லெல்லாம் என்னட்டைப் பத்திரமாய் இருக்கு.

புனிதம்

*

ஸ்காபரோ
5-4-87

அன்புத் தங்கச்சிக்கு, நாங்கள் சுகம். நீ "நான் இருக்கிறன்" எண்டு எழுதியிருக்கிறாய். இருக்கிறது தெரியும், இல்லாட்டில் ஆர் எழுதினது? என்ரை மகள் எப்பிடி எண்டு ஒரு சொல் எழுத உனக்கு மை முடிஞ்சு போச்சோ?

அவளுக்குக் கையிலை என்ன? வாதமோ, வெட்டுக்காயமோ? எண்ணெய் போட்டு உருவிவிடு. கையெழுத்து வைக்கக்கூட ஏலாத கை ஒரு கையோ? ஒரு புள்ளடி போட்டாலும் எனக்குத் தெரியும் அது அவளின்ரை எண்டு.

கலியாண வருசத்திலை வாசலிலை வெள்ளை நடச் சொல்லுறாய், உனக்கு விசரோ? அவள் ஒருநாளும் அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டாள். ஒல்லாந்துக் கிழவனிட்டை றோஸ் சொல்லி வைச்சிருக்கிறன், வாற கிழமை கொண்டுவருவான். பின்வளவிலை பனி கரைஞ்சிட்டுது. தடியிலை மொட்டு வீங்கியிருக்கு, நெல்லளவு. வதனி சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தவள், "அம்மம்மா, பிடிச்சிட்டுது! அம்மாவுக்கு எழுதுங்கோ!" எண்டு.

எழுதிப்போட்டன். கெதியாய்ப் பதில் போடு. இந்த முறை உண்மையாய்க் கோபம்.

அக்கா

*

ஸ்காபரோ
24-5-87

அன்புத் தங்கச்சிக்கும் மகள் இராசேசுக்கும், நல்லபடி முடிஞ்சுது. எல்லாரும் சுகம். நீ பதில் போடாத கோபத்தைக் கலியாண வீட்டிலை மறந்திட்டன்.

கால் மூண்டு இடத்திலை இலைவிட்டு நிண்டுது. மாப்பிள்ளையின்ரை தாய் தொட்டுப் பார்த்து, "உண்மையான மரமோ?" எண்டு கேட்டவ. "எங்கடை வீட்டிலை பொய் நடுறதில்லை" எண்டன். முன்வாசல் மரத்திலை நாலே நாலு பூ. அதுக்குக் கீழைதான் படம் எடுத்தவை.

ஸ்ரீதரனும் அன்ரனெற்றும் தாரை வார்த்துக் குடுத்தினம். தாலி கட்டேக்கை வதனி கூட்டத்துக்குள்ளை ஆரையோ தேடினாள். எனக்கு விளங்கினது. பிறகு என்ரை காதுக்குள்ளை கேட்டாள், "அங்கை இப்ப என்ன நேரம், அம்மம்மா? அம்மா முழிச்சிருப்பாவோ?" "முழிச்சுத்தான் இருப்பாள்" எண்டன்.

படம் எட்டு அனுப்புறன். இராசேசுக்குச் சேலை நிறம் தெரியிற படத்தைக் குடு. இனி அவளின்ரை மனப்பாரம் இறங்கியிருக்கும், நல்லாய்ச் சாப்பிடச் சொல்லு.

அக்கா

*

ஸ்காபரோ
15-6-87

புனிதம், இஞ்சை நாங்கள் சுகம். உங்கடை பக்கம் சண்டை எண்டும், சனம் கோயில்களுக்கை கிடக்குதெண்டும் இரவுபகலாய் ரேடியோவிலை சொல்லுறான்கள். ஸ்ரீதரன் கொழும்புக்குப் போன் எடுத்து எடுத்துக் களைச்சுப்போனான். வேறை ஒண்டும் எழுத வேண்டாம். ரண்டு பேரும் உயிரோடை இருக்கிறம் எண்டு ஒரு வரி, ஒரே ஒரு வரி போடு.

அக்கா

*

அல்வாய்
18-5-87
(உறையின் மேல் கமலாம்பிகை குறித்திருந்தது: என் கைக்கு வந்தது 31-8-87)

என்ரை அக்கா, நேற்றோடை தாலி ஏறியாச்சு. இனி நான் வாய் திறக்கலாம். இதை வாசிக்கமுந்தி இருங்கோ. பக்கத்திலை மருமகளைக் கூப்பிடுங்கோ.

இராசேஸ் இல்லை அக்கா. மாசி ஒன்பதாந் தேதி போனவள்.

வயித்துக்குத்து எண்டு படுத்தவள். ரண்டு நாள் கசாயம் குடிச்சுப் பார்த்தாள். மூண்டாம் நாள் நெருப்பாய்க் காய்ச்சல். ஊரிலை ஒரு காருக்கும் பெற்றோல் இல்லை. மீன்கார சூசைதாசன் ஆரிட்டையோ மாட்டுவண்டி கேட்டுக் கொண்டுவந்தவன். நான் மடியிலை தலையை வைச்சுக்கொண்டு போனன். ஆஸ்பத்திரிக்கு அரைக் கட்டை தூரம் இருக்கேக்கை என்ரை கையைப் பிடிச்சு, "அம்மா கால் ஊன்றினவ. தாலி ஏறுமட்டும் அங்கை சொல்லாதை, சின்னம்மா. சொன்னால் ஒரு வருசம் தள்ளிப்போடுவினம், மாப்பிள்ளை வீடு என்ரை பிள்ளையை ராசியில்லாதவள் எண்டும். சத்தியம் பண்ணு" எண்டாள். பண்ணினன். பிறகு, "வெயிலாய் இருக்கு" எண்டாள். அவ்வளவுதான்.

ஒரு செத்தவீட்டுக்கும் போகாமல் இருந்தனாங்கள், அக்கா. செத்தவீடு எங்கடை வீட்டுக்கே வந்துது. அண்டைக்கு ஊர் கோபம் பார்க்காமல் முழுக்க வந்துது. மரியரட்ணம்தான் முதல் வந்தவள்.

அவளுக்குப் பூ நிறம் தெரிவு செய்யவே நேரம் கிடைக்கேல்லை. உங்கடை கடிதம் அவள் போனாப் பிறகுதான் வந்துது. வெள்ளை எண்டது நான்.

அவள் போனாப் பிறகு "சுகமாய் இருக்கிறாள்" எண்டு ஒருநாளும் நான் எழுதேல்லை. அந்தப் பொய்யை மட்டும் என்ரை கை எழுதேல்லை. என்னை மன்னியுங்கோ. சாப்பிடாமல் இருக்காதேங்கோ.

உங்கள் தங்கை
புனிதம்

*

ஸ்காபரோ
6-9-87

தங்கச்சி, நீ உயிரோடை இருக்கிறாய் எண்டு பிக்கரிங் சம்பந்தி ஆக்கள் மூலம் நேற்றுத்தான் அறிஞ்சன். அதுக்குக் கும்பிட்டன். வேறை எதுக்கும் கும்பிட மனமில்லை.

முதல் உன்னை நல்லாய்ப் பேசி நாலு பக்கம் எழுதினன். கிழிச்சுப்போட்டன். நீ செய்ததிலை பிழை இல்லை. நாலு நாளைக்கு முந்தி ஊன்றுற காலை ஏழு மாதம் முந்தி ஊன்றினது நான். ஐயர் சொன்னதைக் கேளாமல், மரக்கடைக்காரன் சொன்னதைக் கேட்டன். வைகாசியிலை இலை வேணும் எண்டு ஆசைப்பட்டன், புனிதம். சம்பந்தி தொட்டுப் பார்க்க வேணும் எண்டு ஆசைப்பட்டன். அந்த இலைக்காக உன்ரை வாயைக் கட்டினன், என்ரை பிள்ளை சாகேக்கையும் என்ரை சட்டத்தைக் காக்க வைச்சன். அவள் போய் மூண்டு மாதத்துக்குப் பிறகு நான் அவளுக்குச் சேலை நிறத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தன்.

உன்ரை கடிதம் வரேக்கை அன்ரனெற் மட்டும்தான் வீட்டிலை. அவள் வாசிச்சாள். வாசிச்சு முடிச்சு என்ரை காலடியிலை நிலத்திலை இருந்து, "மாமி, சத்தம் போட்டு அழுங்கோ, நான் கதவைப் பூட்டிறன்" எண்டாள். ஸ்ரீதரனுக்கு இரவுதான் சொன்னம்.

வதனிக்குச் சொல்லேல்லை. அவள் வயித்திலை மூண்டு மாதம். போன கிழமை இரத்தம் பட்டது. கட்டிலை விட்டு எழும்பக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். ஸ்ரீதரன் சொல்லத்தான் வேணும் எண்டு நிக்கிறான். "அவளின்ரை தாய், அம்மா. உங்களுக்குச் சொல்லாமல் விட்டது உங்களுக்கு நல்லாய் இருந்ததோ?" எண்டு கேட்டான். அவன் கேட்டது சரிதான். ஆனால் சொல்ல விடமாட்டன். பிள்ளை பிறக்கட்டும். பிறகு அவள் என்னை எப்பிடி எண்டாலும் கேட்கட்டும்.

அதாலை நீ எழுத மறுத்த பொய்யை, அக்கா நான் எழுதச் சொல்லுறன். இராசேசின்ரை பேரிலை வதனிக்கு ஒரு கடிதம் போடு. கை ஏலாதெண்டு முந்தி எழுதினபடியாலை உன்ரை எழுத்தைக் கண்டு யோசிக்கமாட்டாள். இப்பிடி எழுது: "என்ரை குஞ்சுக்கு அம்மா சொல்லி எழுதிறது. பிள்ளைச் சேதி அறிஞ்சு சந்தோசம். பாரம் தூக்காதை. இடப்பக்கம் சரிஞ்சு படு. புளிப்பாய் ஏதும் தின்ன மனம் வந்தால் அம்மம்மாட்டைக் கேள், வெக்கப்படாதை." மிச்சம் நீயே எழுது. கடைசிவரை அவளோடை இருந்தவள் நீதானே.

முடிக்கமுந்தி ஒரு வரி சேர்த்துவிடு. "அம்மம்மாட்டைச் சொல்லு, எனக்கு அவவிலை ஒரு கோபமும் இல்லையெண்டு."

ஏன் அம்மா இப்பிடி எழுதியிருக்கிறா எண்டு வதனி கேட்பாள். ஏதோ பழைய கதை எண்டு சொல்லிவிடுவன். கண் மங்கலாய் இருக்கு எண்டு சொல்லி, அந்த வரியை அவளைக் கொண்டே ரண்டாந்தரமும் வாசிப்பிப்பன்.

அக்கா